அச்சில் வார்த்த வீடு: ஓர் அளவீட்டியல் வகுப்பு

உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அளவீட்டியல் பாடத்தில் அடர்த்தி என்றால் இரும்புக்குண்டும் மரக்கட்டையும்தான் இதுவரை என் எடுத்துக்காட்டுகள். இம்முறை வீட்டை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் வீடு என்றால் கட்டும் இடத்திலேயே செங்கல் அடுக்கி, சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போடுவது. சென்னை பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2022 மே 26 அன்று திறக்கப்பட்ட குடியிருப்பு வேறு வகை. தூண், உத்திரம், தளப்பலகை ஆகியவற்றை அச்சில் முன்கூட்டியே வார்த்து, கிரேனால் தூக்கிப் பொருத்தினார்கள். 12 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 6 தளங்கள், மொத்தம் 1,152 வீடுகள். ஒரு தளத்துக்கு எத்தனை என்றேன். "16 சார்." ஒரே மாதிரி இத்தனை வீடுகள் இருந்தால்தான் அச்சுக்குச் செய்த செலவு கட்டுப்படியாகும்.

3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனமுள்ள பலகையின் எடை என்ன? கன அளவு 1.35 கன மீட்டர். கான்கிரீட்டின் அடர்த்தி சுமார் 2,400 என்றால், 3,240 கிலோ. கிரேன் ஏன் என்று யாரும் அதன்பிறகு கேட்கவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "எல்லாத்தையும் ஃபேக்டரியிலேயே செஞ்சுட்டா எங்கப்பா என்ன சார் பண்ணுவாரு?" அவன் அப்பா கொத்தனார். என்னிடம் பதில் தயாராக இல்லை. செய்து பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன்.

அட்டையில் 10 செ.மீ. நீள அச்சுகள் செய்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து 10 பலகைகள் வார்த்தோம். (கையுறை கட்டாயம்; ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும்.) ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம். வரிசையாக வைத்தால் 100 செ.மீ. வர வேண்டும். 102 வந்தது. அட்டை ஊறி, ஒவ்வொன்றும் 2 மி.மீ. கூடியிருந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அந்தக் கொத்தனார் பலகைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "செங்கல்லுன்னா நாங்க கலவையில சரிக்கட்டிடுவோம் சார். இதுல அச்சு தப்புன்னா அத்தனையும் தப்பு."

இணைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ரோனன் பாயிண்ட்டைச் சொன்னேன். முன்வார்ப்புப் பலகைகளால் கட்டிய 22 மாடிக் குடியிருப்பு அது. 1968 மே 16 அன்று 18ஆவது மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப்பலகை பெயர்ந்ததும் ஒரு மூலை முழுவதும் சரிந்தது, நால்வர் இறந்தனர். பலகைகளைப் பிணைத்த இணைப்புகள் வலுவாக இல்லை.

கொத்து வேலை குறையாது என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறையும். பெரும்பாக்கத்திலும் உட்சுவர்களைக் கற்கள் அடுக்கித்தான் கட்டினார்கள் என்பதையும், பொருத்தும் இடத்தில் மட்டம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும் என்பதையும் சொன்னேன். பாதி சமாதானம்தான் அவனுக்கு.

மறுவாரம் அப்பாவின் மூலைமட்டத்தைக் கேட்டு வாங்கி வந்தான். பலகைச் சட்டத்தில் புது அச்சு செய்தோம். பத்தும் சேர்த்து 100.3 செ.மீ. அந்த 3 மி.மீ. எங்கே போனது என்று இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.