மின்சாரச் சிக்கனமும் மின்தடைக் காப்பும்

நெசவாளர்க்கும் உழவர்க்கும் இல்லமே தொழிலிடம். குழித்தறி இருப்பதும், தார் சுற்றுவதும், விதையைக் காத்து வைப்பதும், வரவு செலவு எழுதுவதும் வீட்டினுள்ளேதான். ஆதலின் மின்சாரம் நின்றால் நமக்கு வசதி மட்டும் நின்றுவிடுவதில்லை, வேலையும் நின்றுவிடுகிறது. இதற்குப் பரிகாரம் பெரியதொரு பாட்டரி வாங்குவதே என்று எண்ணுவோர் நம்மில் பலர். அதற்காகப் பல வாரக் கூலியை முன்பணமாகப் பெற்றுச் செலவிடுவோரும் உளர். அவ்வெண்ணம் சரிதானா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. அளவை அறிதல்

நூலை எடை போடாமல் பாவு ஓட்டுவார் இல்லை. மின்சாரத்திற்கும் எடை உண்டு. அதன் பெயர் வாட். 1000 வாட் கொள்ளும் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும்.

பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் கொள்ளும். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய புதிய விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தரும். பழைய குழல்விளக்கு, சோக்கையும் சேர்த்து, 50 வாட் அளவு கொள்ளும், எல்.இ.டி. குழல்விளக்கிற்கு 20 வாட் போதும். 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் எல்.இ.டி. பல்பு செய்துவிடும்.

நாளொன்றுக்கு 16 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மட்டும் மாற்றினால், இரு திங்களில் ஏறக்குறைய 43 யூனிட் மிச்சமாகும். செலவு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக உயருகிறது. ஆகவே மிச்சமாவன யாவும் விலை மிகுந்த யூனிட்டுகளே என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

2. இலவச மின்சாரமும் சிக்கனமும்

கைத்தறி நெசவாளர்க்கு இரு திங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம், 2023-ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பெற்றது. "கட்டணமே இல்லாதபோது சிக்கனம் எதற்கு?" என்று சிலர் வினவலாம். கம்பியில் வரும் மின்சாரம் இலவசமாக இருக்கலாம். பாட்டரியில் சேர்த்து வைத்த மின்சாரம் ஒருபோதும் இலவசமன்று. அதன் விலை பாட்டரியின் விலையே. அடுத்த கணக்கு இதனைத் தெளிவாக்கும்.

3. பாட்டரிக் கணக்கு

வீடுகளில் பெரும்பாலும் வைக்கும் இன்வர்ட்டர் பாட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுடையது. இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. முழுவதும் வடிய விட்டால் பாட்டரி விரைவில் கெடும். இன்வர்ட்டரும் சிறிது விழுங்கும். எனவே நம் கைக்கு வருவது 1200 வாட்-மணி என்று கொள்வோம்.

பழைய விசிறி இரண்டும் பழைய குழல்விளக்கு இரண்டும் உள்ள வீட்டில் 250 வாட் செலவாகும். அங்கு அப்பாட்டரி ஐந்து மணி நேரமும் தாங்காது. புதிய விசிறி இரண்டும் எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டும் உள்ள வீட்டில் செலவு 100 வாட்டே. அங்கு அதே பாட்டரி 12 மணி நேரம் தாங்கும். ஒருவர் மாலையிலேயே தறியை விட்டு எழுகிறார். மற்றவர் இரவு முழுதும் விளக்கும் காற்றும் பெறுகிறார். இரண்டாவது பாட்டரி வாங்கித்தான் இப்பயனை அடைய வேண்டும் என்பதில்லை. முதலில் செலவைக் குறைத்து, பின்னர் பாட்டரியின் அளவை முடிவு செய்வதே முறை.

கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை இன்வர்ட்டர் இணைப்பில் சேர்த்தல் ஆகாது. மாடியின் மேற்பரப்பில் வெண்சுண்ணம் அடித்தால் வெயிலின் வெப்பம் உள்ளே இறங்குவது குறையும்; விசிறியின் வேலையும் குறையும்.

4. சூரிய ஒளித் தகடு

2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில், 2 கிலோவாட் அமைப்பிற்கு ரூ. 60,000-மும், 3 கிலோவாட்டிற்கு ரூ. 78,000-மும் மானியமாக வகுக்கப்பெற்றன. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும்.

ஆயினும் வாங்குமுன் ஒன்றறிதல் வேண்டும். பாட்டரியின்றி மின்கம்பியோடு இணைந்த தகடு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பழுது பார்ப்போர் மீது மின்சாரம் பாயாதிருக்கவே இவ்வேற்பாடு. கட்டணம் குறைவது ஒரு பயன். மின்தடையில் விளக்கெரிவது வேறொரு பயன். நாம் வேண்டுவது எது என்று தெளிந்த பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

5. உயிர்காக்கும் விதிகள்

ஜெனரேட்டரை வீட்டினுள்ளோ திண்ணையிலோ இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமின்றி உயிரைக் குடிக்கும். அதனைச் சுவர் பிளக்கில் செருகுவது அதனினும் கொடிது. மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியைக் கொல்லும். மாற்று சுவிட்சு இன்றி இணைப்புக் கொடுத்தல் கூடாது.

பாட்டரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில், விளக்கும் அடுப்பும் அணுகாதவாறு வைத்தல் வேண்டும். அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றும். காய்ச்சி வடித்த நீரையன்றிப் பிற நீரை ஊற்றலாகாது.

6. சங்கத்தின் பணி

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயலில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் வீழ்ந்தன. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய காலத்தில் தனிவீட்டுப் பாட்டரி ஒரே நாளில் வற்றிவிடும். சங்கக் கட்டடத்தில் பாட்டரியுடன் கூடிய சூரிய ஒளித் தகடு ஒன்று இருப்பின், ஊரார் அனைவரும் தொலைபேசிக்கும் கைவிளக்கிற்கும் அங்கே மின்னேற்றிக் கொள்ளலாம். விசிறிகளையும் விளக்குகளையும் சங்கத்தின் வழியே மொத்தமாக வாங்கினால் விலையும் தணியும்; தரத்தையும் சோதித்து வாங்கலாம். நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்கும் பழக்கம் வேண்டும்.

பயிற்சி

அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலுள்ள விளக்கு, விசிறிகளின் வாட் அளவை ஒரு தாளில் எழுதுக. மின்தடையின்போது இன்றியமையாதவற்றை மட்டும் கூட்டுக. 1200-ஐ அக்கூட்டுத்தொகையால் வகுத்து, எத்தனை மணி நேரம் தாங்கும் எனக் காண்க. அடுத்த மாதக் கூட்டத்திற்கு அத்தாளுடன் வருக. யார் எதை முதலில் மாற்றுவது என்பதை ஒன்றுகூடி முடிவு செய்வோம்.