மலையேறும் வண்டியும் மாதக் கணக்கும்

பொருளொன்றை வாங்கும் விலை வேறு. அதனை வைத்து ஆளும் செலவு வேறு. படிப்பு முடிந்து முதற் சம்பளத்தை எதிர்நோக்கும் நம் நண்பர் பலர், ஹெப்பகோடியில் ஓசூர்ச் சாலை வழியே விரையும் எஸ்.யூ.வி. வண்டிகளைக் கண்டு ஆசை கொள்கின்றனர். அவ்வாசைக்கு ஆகும் செலவை ஈண்டு கணக்கிட்டுக் காட்ட விழைகிறேன்.

இவ்வின வண்டிகளின் முன்னோன் இரண்டாம் உலகப் போரில் உழைத்த ஜீப். 1947-இல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். அவ்வழி வந்ததே இன்றைய 'தார்'. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லுதல், மேடேற உதவும் தாழ்கியர், உறுதியான ஏணிச் சட்டம், பருத்த டயர்கள் ஆகியவை இவ்வினத்தின் சிறப்புகள். இவை யாவும் எடையைக் கூட்டுகின்றன. எடை கூடினால் எரிபொருளும் கூடும்.

காட்சியறை விலை 25 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். இத்தகைய பெரிய வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 40. ஆகவே அவ்விலைக்குள்ளேயே ஏறக்குறைய 7.14 லட்சம் வரியாகும். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுட்கால சாலை வரி நூற்றுக்கு 18. அவ்வரியின்மேல் 11 விழுக்காடு கூடுதல் தீர்வை. இரண்டும் சேர்ந்து 4,99,500 ரூபாய். இவ்வாறு 30 லட்சம் செலவில் 12 லட்சம் அரசுக்கே போகிறது.

எல்லை தாண்டி ஓசூரில் பதிவு செய்தால் மிச்சமாகாதோ எனச் சிலர் வினவலாம். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தமிழ்நாட்டிலும் இவ்விலைக்கு வரி நூற்றுக்கு 20. மேலும், வேற்று மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் ஈங்கு வைத்திருந்தால் மறுபதிவு செய்தல் வேண்டும்.

இனி ஐந்தாண்டுச் செலவைக் காண்போம். கைப்பணம் 10 லட்சம் போக, 20 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 9 எனக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 41,500 ரூபாய். மொத்த வட்டி 4.9 லட்சம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்து, பெட்ரோல் 100 ரூபாயாயின், ஐந்தாண்டில் 6 லட்சம். இன்ஷூரன்ஸ் கணக்கின்படி ஐந்தாண்டு நிறையும்போது வண்டியின் மதிப்பு பாதியாகக் குறைகிறது, அத்தேய்மானம் 12.5 லட்சம். சாலை வரி 5 லட்சத்தையும் கூட்டினால், மொத்தம் 28.4 லட்சம். அஃதாவது கிலோமீட்டருக்கு 47 ரூபாய்! இன்ஷூரன்ஸ், டயர், பழுதுபார்ப்பு ஆகியவை இதில் சேரவில்லை. யானை கட்டித் தீனி போடுதல் என்பது இதுதான் போலும்.

காப்பித் தோட்டத்திலும் மலையூர்களிலும் வாழ்வோருக்கு இவ்வண்டி தேவையே. அவர்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் பயன் தரும். ஹெப்பகோடியில் வாழும் நமக்கோ, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் வாயிலிலேயே நிற்கிறது. ஆண்டில் மூன்று நாள் சக்லேஷ்பூர் மலைக்குச் செல்ல விரும்புவோர், அம்மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தல் தகும். நண்பர்களே, கடன் தாளில் கையெழுத்திடும் முன், கிலோமீட்டருக்கு என்ன செலவு என்பதை உங்கள் வருவாயோடு வைத்து ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.