அழுகைக்கும் ஜெபத்தில் இடமுண்டு

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இறந்த பிறகு ஆறுதல் ஜெபத்துக்கு வந்தவர்கள் "அழாதே, கர்த்தர் எதையும் நன்மைக்குத்தான் செய்வார்" என்று சொல்லிவிட்டுப் போனதை எழுதியிருந்தாய். ஹாஸ்டலில் ஒருநாள் தோழிகளோடு வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அன்று ராத்திரி முழுக்க உன்னையே நீ திட்டிக்கொண்டதையும் எழுதியிருந்தாய். அழுதால் விசுவாசம் இல்லை என்கிறார்கள், சிரித்தால் அம்மாமேல் பாசம் இல்லையோ என்று எனக்கே தோன்றுகிறது, நான் என்னதான் செய்வது பெரியம்மா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் அந்த ஆறுதல்காரர்களை மன்னித்துவிடு. சாவு வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல்தான் நாங்கள் பாதிப் பேர் வசனம் சொல்கிறோம். யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

ஆனால் அவர்கள் சொன்னதை வேதத்தின் சொல்லாக எடுத்துக்கொள்ளாதே. சங்கீதப் புத்தகத்தைப் பிரித்துப் பார். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும்தான். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் துதியின் பக்கம் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பாது. கடவுள் கைவிட்டுவிட்டார், சிநேகிதரும் தூரமாய்ப் போனார்கள் என்று முறையிட்டு, இருட்டிலேயே முடிந்துவிடும். அதற்கு ஒரு நல்ல முடிவை ஒட்டவைக்க யாரும் நினைக்கவில்லை. அப்படியே ஆராதனைக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பெரிய இரக்கமாக நான் நினைக்கிறேன். துதிக்க வாய் வராத நாளில் அதை வாசி. அதுவும் ஜெபம்தான்.

இயேசு பெத்தானியாவுக்குப் போனபோது, லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தேதான் போனார். இருந்தும் மரியாள் அழுததைப் பார்த்து அவரும் கண்ணீர் விட்டார். நாயீன் ஊர் விதவையிடம் மட்டும் அழாதே என்றாரே என்று நீ கேட்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு. சொன்ன கையோடு பாடையைத் தொட்டு, மகனை உயிரோடு எழுப்பித் தாயிடம் கொடுத்தார். அப்படிக் கொடுக்க முடிந்தவர் சொல்லலாம். நமக்கு அந்த உரிமை இல்லை.

மெஸ்ஸில் பாதி நாள் சாப்பிடுவதில்லை என்று உன் அப்பா சொன்னார். எலியாவின் கதையை இன்னொரு தரம் வாசி. போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் கீழே படுத்துவிட்டான். தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டவனை, இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலைக்கு நடந்ததும் கடவுள் அவனோடு பேசியதும் அதற்குப் பிறகுதான். எலியாவுக்கு வந்த அந்த நினைப்பு உனக்கும் வந்தால் மறைக்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணையும் போனில் பதிந்து வை. டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

இனி, எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். எவ்லின் பிராண்ட், லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879இல் பிறந்தவர், ஓவியம் தெரிந்தவர். கணவர் ஜெஸ்ஸியோடு மிஷனரியாகக் கொல்லிமலையில் குடியேறி, அங்கே மருந்து கொடுப்பதும் பள்ளிக்கூடம் நடத்துவதுமாக இருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரையும் படிப்புக்காக 1923இல் இங்கிலாந்தில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1929 ஜூனில் ஒரு கொடிய காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி மலையிலேயே இறந்துபோனார்.

மகன் பாலுக்கு அப்போது 14 வயது. தந்தி முந்திக்கொண்டது, அப்பா எழுதிப் போட்டிருந்த கடிதம் கப்பலில் பின்னால் வந்தது. அடக்கமும் ஆன பிறகு அப்பா மலையைப் பற்றியும், கடவுள் படைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைப் பற்றியும் பேசுகிறார் என்றால், அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! உன் போனில் கிடக்கும் அம்மாவின் குரல் பதிவுகளைக் கேட்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? இப்போதே கேட்க வேண்டுமென்று ஒன்றுமில்லை. அழித்துவிடாமல் வை. அந்தப் பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூருக்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் கொடுத்த டாக்டர்.

எவ்லினைப் பிறகு மிஷன் சமவெளி வேலைக்கு அனுப்பியது. ஓய்வு பெறும் வயது வந்தபோது அவர் ஊருக்குக் கப்பலேறவில்லை. 70 வயதை நெருங்கிய நிலையில், மிஷன் பணியை விட்டு, சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே ஏறிப் போனார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார். நடை தளர்ந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு போனார். சுற்றியிருந்த மற்ற மலைகளையும் விடவில்லை. 1974 டிசம்பரில், தம் 95ஆம் வயதில் காலமானார். கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

துக்கம் ஆறிப்போன பிறகு அந்த அம்மா மலையேறினார் என்று எனக்குத் தோன்றவில்லை. புருஷனைப் புதைத்த மண்ணைத் தேடியே போயிருக்கிறார்; அங்கே காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது, சொல்லிக்கொடுக்கப் பாடம் இருந்தது. சந்தோஷம் அவரிடம் வந்தது அந்த வேலைகளோடுதான். சோகத்தை முழுசாகத் துடைத்துவிட்டுத்தான் மகிழ்ச்சி உள்ளே வரும் என்று காத்திருந்தால் நாம் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும், சண்டை போடாமல்.

நீ சிரித்ததற்கு வருகிறேன். உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குக் காட்டியது எதை? ஆணிகள் கிழித்த கைகளையும் ஈட்டி குத்திய விலாவையும். மரணத்தையே ஜெயித்த உடம்பில் அந்தத் தழும்புகளை மறையச் செய்வது அவருக்குக் கஷ்டமா? வைத்துக்கொண்டார். நம்முடைய உயிர்த்தெழுதலின் நம்பிக்கை அப்படிப்பட்டது. நடந்ததை நடக்காததுபோல ஆக்குவதில்லை. ஆகவே நீ சிரித்தால் அம்மா உன்னிடமிருந்து அழிந்துவிடமாட்டாள். உன் சிரிப்பே பாதி அவளுடையது, கண்ணாடியில் பார்.

அடுத்த மாதம் நம் கோயிலில் அசன விருந்து. உன் அம்மா வருஷம் தவறாமல் முந்தின ராத்திரியே காய் நறுக்க வந்துவிடுவாள். இந்த வருஷம் ஆள் குறைகிறது, நீ வா. பாட்டுப் பாட வேண்டாம், சாட்சி சொல்லவும் வேண்டாம். வெங்காயப் பக்கம் உட்கார்ந்துகொள். அங்கே எவ்வளவு அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அன்புடன்,
பெரியம்மா