விரல் இடுக்கைத் துடைத்தீர்களா?

காலில் முள் தைத்துப் புண்ணானால் இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொள்கிறது. தொட்டால் வலிக்கும். புண் ஆறியதும் தானாக அமுங்கிவிடும். நிணநீர் மண்டலத்தோடு நம்மில் பலருக்கு உள்ள பழக்கம் அவ்வளவுதான். காலிலிருந்து மேலேறும் நிணநீரை வடிகட்டி, அதில் வரும் கிருமிகளை மடக்கிப் பிடிக்கும் கணுதான் அந்த நெறி. கழுத்து, அக்குள், வயிறு, தொடையிடுக்கு என்று உடம்பு முழுக்க இப்படி 500 முதல் 600 கணுக்கள் இருக்கின்றன.

ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் நாள் முழுக்க நீர் கசிகிறது. அதில் மீந்துபோவதைப் புரதத்தோடு சேர்த்து அள்ளி, மறுபடி ரத்தத்திலேயே கொண்டுவிடுவது நிணநீர்க் குழாய்களின் வேலை. ஒரு நாளைக்குச் சுமார் 2 முதல் 4 லிட்டர் நிணநீர் இப்படித் திரும்புகிறது. அதில் பெரும்பகுதி இடது காறை எலும்புக்குப் பின்னால் சிரையில் சேர்கிறது. இதைத் தள்ள இதயம் போன்ற உறுப்பு கிடையாது. குழாய்ச் சுவர் தானே சுருங்கி விரியும். உள்ளிருக்கும் ஒருவழி வால்வுகள் நீரைக் கீழே இறங்கவிடாது. மிச்ச உதவி நாம் அசைவதிலும் மூச்சு விடுவதிலும்தான் கிடைக்கிறது.

ஆகவே, நிணநீரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கப்படும் பொடிக்கும் ஜூஸுக்கும் காசு கொடுக்காதீர்கள். கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தாகத்துக்குத் தண்ணீர் குடித்தால் போதும். அந்தக் காசில் ஒரு சாதாரண சோப்பும் மெல்லிய பருத்தித் துண்டும் வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆடுசதை. நடக்கும்போது அது ஒவ்வொரு அடிக்கும் இறுகித் தளர்ந்து, காலில் தேங்கும் நீரை மேலே ஏற்றுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவருக்கும், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் மாலையில் கணுக்கால் கனப்பது இந்த வேலை நடக்காததால்தான். ஜவுளிக்கடை, நகைக்கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி போட்டும் உட்கார விடாத கடைகள் இன்னும் இருந்தால் அது பெரிய அநியாயம். நிற்கத்தான் வேண்டுமென்றால், அரை மணிக்கு ஒரு முறை குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று இறங்குங்கள். பத்து தடவை போதும். பஸ்ஸில் போகும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். இரவு படுத்ததும் வயிறு மேலெழும்பும்படி நாலைந்து தடவை நிதானமாக மூச்சை இழுத்து விடுங்கள். உதரவிதானம் ஏறி இறங்கும்போது நெஞ்சுக்குள் இருக்கும் பெரிய நிணநீர்க் குழாயில் ஓட்டம் கூடுகிறது. உடல் எடை கூடினால் இந்தக் குழாய்களுக்குப் பாரமும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

அசைவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் நிணநீர் மண்டலத்தின் காவல் தோலில்தான் இருக்கிறது. சேற்றுப்புண், பித்தவெடிப்பு, நகக்கண்ணில் ஒரு கீறல் என்று ஒரு சின்ன வழி கிடைத்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும். கால் சிவந்து சூடேறும், நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் நிணநீர்க் குழாய்கள் இன்னும் கொஞ்சம் கெடும். கெட்ட குழாயால் நீரை ஏற்ற முடியாமல் கால் வீங்கும். வீங்கிய காலில் மடிப்பு விழும். மடிப்பில் ஈரம் தங்கி அடுத்த புண் வரும்.

யானைக்கால் நோயில் கால் பெருப்பது பெரும்பாலும் இப்படித்தான். கொசு வழியாக வந்த புழு குழாய்களுக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்து அவற்றை முதலில் கெடுக்கிறது. அதன்பின் காலைப் பெருக்க வைப்பது திரும்பத் திரும்ப வரும் இந்தக் காய்ச்சல்தான். யானைக்கால் நோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தை 2016இல் இலங்கை பெற்றது. பெரிய சாதனை. ஆனால் நோய் பரவுவது நின்றாலும் ஏற்கெனவே வீங்கிய கால் வீங்கியபடியே இருக்கும். அந்தக் காலுக்கு வேண்டியது தினசரிக் கழுவல். காலில் வீக்கம் இல்லாத, ஆனால் சேற்றுப்புண் அடிக்கடி வருகிற எவருக்கும் இதே முறைதான்.

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காலை அகலமான டப்பில் வையுங்கள். தண்ணீர் சாதாரணச் சூட்டில் இருக்கட்டும், வெந்நீர் வேண்டாம். முதலில் விரல் இடுக்கு, குதிகால், மடிப்புகள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். பிறகு வீக்கம் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து கீழ்நோக்கி, கையாலேயே மென்மையாகச் சோப்புப் போடுங்கள். பிரஷ், கல், நார் எதுவும் கூடாது. விரல் இடுக்கில் சின்னத் துணியை விட்டு எடுங்கள். சோப்பு வழுவழுப்புப் போகும்வரை நீர் ஊற்றுங்கள். பெரும்பாலானவர்கள் இத்தோடு எழுந்துவிடுகிறார்கள். கால் கழுவியதில் பாதிப் பலன் அங்கேயே போய்விடுகிறது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாக, துணியில் ஈரம் ஒட்டாமல் போகும்வரை ஒற்றுங்கள். இடுக்கு வெளுத்து ஊறியிருந்தாலோ அரித்தாலோ அது பெரும்பாலும் பூஞ்சை. மருத்துவர் தரும் களிம்பு போட வேண்டும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும், ஆனால் விரல் இடுக்கில் எண்ணெய் வைக்காதீர்கள். வீங்கிய காலில் இறுகிய மெட்டியும் கொலுசும் இருந்தால் கழற்றிவிடுங்கள். மெட்டிக்கு அடியில் நிற்கும் ஈரம் யார் கண்ணுக்கும் தெரியாது.

பகலில் உட்காரும்போது காலை ஸ்டூலில் நீட்டி வையுங்கள். இரவில் மெத்தையின் கால்பக்கத்துக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் செய்யலாம். இறுக்கமான காலுறையையும் சொந்தமாக வாங்கி மாட்ட வேண்டாம். சர்க்கரை நோயிலோ புகைப்பழக்கத்தாலோ கால் ரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அது ஆபத்து. நிணநீர் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் மருந்தல்ல. அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னார்கள் என்று வாங்கி விழுங்காதீர்கள்.

கால் சிவந்து காய்ச்சல் வந்துவிட்டால் உடற்பயிற்சியை நிறுத்திப் படுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி போட்டுச் சூட்டைத் தணியுங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். சூட்டு ஒத்தடம், பச்சிலைப் பற்று, கட்டுப் போடுவது, கீறி நீர் எடுப்பது எல்லாம் கேடு.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கையிலும் இதே கவனம் வேண்டும். பாத்திரம் தேய்க்கக் கையுறை போடுங்கள். ரவிக்கைக் கையும் வளையலும் இறுக்க வேண்டாம். கை வீங்கிவிடுமோ என்று பயந்து அசைக்காமல் வைத்திருப்பது தவறு. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.

எல்லா வீக்கமும் நிணநீர் வீக்கமல்ல. இரண்டு காலும் வீங்கி மூச்சு வாங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரலைச் சோதிக்க வேண்டும். ஒரே காலில் திடீரென வலியோடு வீக்கம் வந்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெறி வலியில்லாமல் கல்போல இருந்தாலோ, சில வாரம் ஆகியும் கரையாவிட்டாலோ, காறை எலும்புக்கு மேல் தட்டுப்பட்டாலோ காட்ட வேண்டும். கழுத்தில் வரிசையாக நெறி கட்டுவது காசநோயாகவும் இருக்கலாம். அதைக் குணப்படுத்த முடியும்.

யானைக்கால் கொசு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகுகிறது. தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுங்கள். அரசு மாத்திரை தரும் ஊரில் இருந்தால் ஊழியரின் கண்ணெதிரே விழுங்கிவிடுங்கள். வாங்கி அலமாரியில் வைப்பதால் யாருக்கும் பயனில்லை. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் சுற்றுகின்றன. அதனால் ரத்தப் பரிசோதனைக்கு ஊழியர்கள் ராத்திரியில் கதவைத் தட்டினால் முகம் சுளிக்காமல் விரலை நீட்டுங்கள். வீட்டில் யாருக்காவது கால் வீக்கம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். டப், குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பை அரசுத் திட்டத்தில் உண்டு. கழுவும் முறையையும் அங்கேயே காட்டச் சொல்லிக் கேளுங்கள்.