ஆசிரியர் பட்டியலை எப்படிப் படிப்பது?

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. நீ சேரப்போகும் பல்துறை ஆய்வுத் துறையின் ஆசிரியர் பட்டியலை உன் அப்பனும் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. போனில் ஒரே புலம்பல். “ஒருத்தர் இயற்பியல், ஒருத்தர் சட்டம், இன்னொருத்தர் நாடகம். இது டிபார்ட்மெண்டா, கதம்பமா?” என்கிறான். அவன் கவலையில் கொஞ்சம் நியாயம் உண்டு. பட்டியலைப் படிக்கிற விதத்தில்தான் பிசகு.

இந்த வகைத் துறைகளில் பழைய கை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ‘கமிட்டி ஆன் சோஷியல் தாட்’. 1941-இல் தொடங்கியது. முன்னின்றவர் ஜான் நெஃப் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பிரிட்டனின் நிலக்கரித் தொழிலைப் பற்றி 1932-இல் வெளியான இரண்டு தொகுதி நூல். கூட நின்ற ராபர்ட் ரெட்ஃபீல்ட் சட்டம் படித்துவிட்டு மானிடவியலுக்கு வந்தவர். சமூகச் சிந்தனைக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்று உன் அப்பன் கேட்பான், கேட்கட்டும்.

பின்னால் வந்தவர்களின் பூர்வீகம் இன்னும் வேடிக்கை. ஹாயெக் வியன்னாவில் சட்டத்தில் ஒன்று, அரசியல் அறிவியலில் ஒன்று என இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். 1974-இல் நோபல் கிடைத்ததோ பொருளியலுக்கு. 1950-இல் சிகாகோ வந்ததும் அவர் நடத்திய முதல் கருத்தரங்க வகுப்பு அறிவியல் முறைமையைப் பற்றியது. அதில் வந்து உட்கார்ந்தவர்களில் உலகின் முதல் அணு உலையை இயக்கிய என்ரிகோ ஃபெர்மியும் ஒருவர். நாவலாசிரியர் சால் பெல்லோ இளங்கலையில் படித்தது மானிடவியலும் சமூகவியலும். லியோன் காஸ் மருத்துவர். ஹார்வர்டில் உயிர்வேதியியல் முனைவர் பட்டமும் பெற்றவர். அவர்தான் பைபிளின் ஆதியாகமத்தைப் பாடம் நடத்தி, 2003-இல் அதைப் பற்றித் தடியான புத்தகமும் போட்டார். அதே ஆண்டு இலக்கிய நோபல் பெற்ற ஜே.எம். கூட்ஸி, கேப் டவுனில் கணிதமும் ஆங்கிலமும் படித்து லண்டன் ஐ.பி.எம்.-இல் புரோகிராமராக இருந்தவர். சாமுவேல் பெக்கெட்டின் உரைநடையைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்து 1969-இல் முனைவரானவர். அவரும் இந்தக் கமிட்டியில் இருந்தார்.

அந்தக் கமிட்டிக்காரர்களில் நமக்கு நெருக்கமானவர் ஏ.கே. ராமானுஜன். மைசூரில் வளர்ந்த தமிழ் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. தகப்பனார் கணிதப் பேராசிரியர். மகன் படித்தது ஆங்கில இலக்கியம். பிறகு இந்தியானாவில் மொழியியல். 1962-இல் சிகாகோ போன புதிதில், ஒரு சனிக்கிழமை, ஹார்பர் நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடப்போனார். பழந்தமிழை அவர் அதுவரை படித்ததே கிடையாது. தூசி படிந்த புத்தகங்களுக்கு நடுவே கையில் சிக்கியது, உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை. ஐந்தே ஆண்டில் அதன் பாடல்கள் ஆங்கிலத்தில் நூலாக வந்துவிட்டன. தமிழ் வாக்கியம் எந்த வரிசையில் அவிழ்கிறது, ஆங்கிலத்தில் அந்த வரிசை எப்படித் தலைகீழாகிறது என்பது மொழியியல்காரருக்குத் தெரிந்த வேலை. எதை எங்கே நிறுத்தி வாசகனைக் காக்க வைப்பது என்பது கவிஞருக்குத் தெரிந்த வேலை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன. குறுந்தொகைக்கு அது ஒரு யோகம்தான்.

இவர்களில் ஒருவரும் நுனிப்புல் மேய்ந்தவர் இல்லை, கவனி. ஒரு வேலையை அடிவரை கற்றுக்கொண்டு அப்புறம் வேலி தாண்டியவர்கள். அதனால் உன் கையில் உள்ள பட்டியலில் பட்டங்களை எண்ணாதே. ஒவ்வொருவரும் முனைவர் பட்டத்துக்கு எதில் இறங்கினார், ஆவணக்காப்பகத்திலா, ஆய்வகத்திலா, களத்திலா என்று பார். ஆரம்பம் முதலே எல்லாவற்றையும் பற்றிக் கட்டுரை எழுதி, எதிலும் கை அழுக்காகாதவர் என்று தெரிந்தால் அவரை நெறியாளராகக் கேட்காதே. அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

இன்னொன்று, வயிற்றுப்பாடு. ஹாயெக்கின் பதவி பொருளியல் துறையில் இல்லை. சம்பளம் வோல்க்கர் நிதியம் என்ற வெளி அறக்கட்டளையிலிருந்து வந்தது. 1962-இல் அவர் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகருக்குப் போனதற்கு ஓய்வூதியமும் ஒரு காரணம். அவருக்கே அந்த நிலை என்றால் நமக்குக் கேட்கவா வேண்டும்? இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்கு, 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகள், முதுகலைப் பட்டம் அந்தப் பாடத்திலோ அதற்குத் தொடர்புடைய பாடத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. தன் பட்டம் எதற்கு இணை என்று அரசாணை தேடி அலைந்தவர்கள் நம்மூரில் நிறையப் பேர். உன் எம்.எஸ்சி. வேதியியல்தான் உனக்குப் பிடிமானம். நெட் தேர்வையும் அந்தப் பாடத்திலேயே எழுதி முடித்துவிடு.

நீ ஆய்வுக்கு எடுக்க நினைக்கும் நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவுக்கு இந்த மாதிரித் துறை பொருத்தம் என்றே படுகிறது. தண்ணீரில் உப்பும் உலோகமும் எவ்வளவு என்று நீ அளந்துவிடுவாய். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உத்தரவைப் பிரித்துப் படிக்க, சட்டம் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். பட்டியலில் இருக்கும் அந்தச் சட்டக்காரர் இணை நெறியாளராக வருவாரா என்று நேர்முகத்துக்கு முன்பே மின்னஞ்சலில் கேள். அங்கே முடித்த மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் அலுவலகத்தில் விசாரித்து எழுது. உன் அப்பனிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா