கழற்றும் கலை: டம்டம் தோட்டாவும் ரயில் சக்கரமும்



டம்டம் என்றதும் கல்கத்தாவாசிகளான நமக்கு விமான நிலையமும் மெட்ரோ ரயிலும் நினைவுக்கு வரும். உலகத்தின் பிற பகுதிகளில் அந்தப் பெயருக்கு வேறொரு பொருள் உண்டு. அது ஒரு துப்பாக்கிக் குண்டின் பெயர். நம் பிள்ளைகள் அகராதியில் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம டம்டமா?" என்று கேட்கிறார்கள். ஆம், நம்ம டம்டம்தான். அதைத் தொட்டு ஒரு சிறு பாடம் சொல்லலாம் என்று தோன்றியது.

துப்பாக்கி என் தொழில் அன்று. நான் டிப்ளமா முடித்து, ரயில்வே பணிமனைகளில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் இறுக்கிப் பொருத்திய ஒன்றைச் சேதமில்லாமல் கழற்றுவது எங்கள் அன்றாட வேலை. தோட்டாவுக்கும் சக்கரத்துக்கும் அதில் ஒரே விதிதான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். தோட்டாவை எப்படித் திறப்பது என்ற கேள்வியே ஒருமுறை இந்தியாவை உலுக்கியது. 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா காகிதத்தால் ஆனது. மருந்தும் குண்டும் ஒரே சுருளில் இருக்கும். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை உள்ளே இடிக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு அந்த ஆண்டு ஜனவரியில் டம்டமில்தான் கிளம்பியது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தினார். பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கலாம் என்று மாற்றினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது.

அதன்பின் பித்தளைக் கூட்டுத் தோட்டாக்கள் வந்தன. 1890-களில் டம்டம் ஆயுதசாலையின் தலைவராக இருந்த கேப்டன் பெர்ட்டி கிளே, செம்பு கலந்த உலோகத்தால் ஆன குண்டின் உறையை நுனியில் மட்டும் நீக்கி, உள்ளே உள்ள ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் அந்த மெத்தென்ற நுனி விரிந்து கொடிய காயம் உண்டாக்கும். 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, போரில் இவ்வகைக் குண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனத்தை இயற்றியது. நம் ஊர்ப் பெயர் உலக அகராதியில் ஏறியது இப்படித்தான்.

இனி பாடத்துக்கு வருவோம்.

தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அடியில் தீமூட்டும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் குறி சுடும் விளையாட்டுக்காரர்கள் பலர் சுட்ட கூட்டை மீண்டும் நிரப்பித் தாங்களே தோட்டா செய்கிறார்கள். மருந்து கூடிவிட்டது என்றோ, குண்டு சரியான ஆழத்தில் உட்காரவில்லை என்றோ ஐயம் வந்தால் அதைச் சுடக் கூடாது, பிரிக்க வேண்டும். பிளையரால் பிடித்து இழுத்தால் குண்டில் பல் பதியும். ஈயம் வெளியே தெரியும் குண்டானால் நுனி நசுங்கும். உருண்டை கெட்ட குண்டு நேராகப் பறக்காது.

ஆகவே முதல் கேள்வி: குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? மூன்று பிடிகள் இருக்கலாம்.

ஒன்று, இறுக்கம். கூட்டின் கழுத்து குண்டைவிட ஒரு மயிரிழை சிறியது. பித்தளையின் மீள்தன்மை குண்டைக் கவ்விக்கொள்கிறது. இரண்டு, மடிப்பு. கூட்டின் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து அழுத்தியிருப்பார்கள். மூன்று, ஒட்டு. ராணுவத் தோட்டாக்களில் ஈரம் புகாமல் இருக்கத் தார் போன்ற பூச்சு உண்டு. ஒட்டு இருந்தால், கருவியில் வைத்துக் குண்டை முதலில் இம்மியளவு உள்ளே தள்ளுவார்கள். ஒட்டு விட்டபின் வெளியே எடுப்பது எளிது. எடுப்பதற்காகத் தள்ளுவது விந்தைதான், ஆனால் துருப்பிடித்த நட்டைக் கழற்ற முதலில் சிறிது இறுக்குகிறோமே, அதே தந்திரம்.

எடுக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று காலெட். கடைசல் இயந்திரத்தில் தண்டைக் கவ்வுவதுபோல, பிளவுபட்ட வளையம் குண்டைச் சுற்றிலும் சமமாகக் கவ்வும்; கூட்டைக் கீழே இழுத்துவிடுவார்கள். சரியான அளவுள்ள காலெட் வேண்டும்; வெறும் ஈயக் குண்டுக்கு இது ஆகாது.

மற்றது உள்ளே வெற்றிடமுள்ள ஒரு சுத்தியல். தோட்டாவின் அடி விளிம்பை அதில் மாட்டினால் குண்டு உட்பக்கம் பார்த்து நிற்கும். கெட்டியான தரையில் சுத்தியலை ஓங்கித் தட்டினால் கூடு நின்றுவிடும்; குண்டு நிற்க மறுத்து முன்னால் ஓடி, கழுத்திலிருந்து கழன்று விழும். மினி பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் விழுகிறோமே, அதுதான். இதற்கு நிலைமம் என்று பெயர். எங்கள் காலத்தில் ஜடத்துவம் என்று படித்தோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்தியல் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்து, 1 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு தூரத்தால் வகுத்தால் 18,000. பழைய .303 குண்டின் எடை சுமார் 11.3 கிராம். பெருக்கினால் சுமார் 203 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான இழுப்பு! அதே சுத்தியலை மெத்தை மேல் தட்டி, 10 மில்லிமீட்டரில் நின்றால் இழுப்பு 2 கிலோதான். குண்டு அசையாது. 3.6 கிராம் குண்டானால் கெட்டித் தரையிலும் ஆறரை கிலோதான். பலமுறை தட்ட வேண்டும். ஆகவே தட்டும் இடம் கெட்டியாகவும், குண்டு போய் விழும் இடம் பஞ்சுபோல் மெத்தென்றும் இருக்க வேண்டும். இடம் மாறினால் வேலையும் கெடும், குண்டும் கெடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ரைஃபிள் கிளப்புகளில் சுடும் .22 தோட்டாவில் தீமூட்டும் மருந்து அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. விளிம்பில் அடி பட்டாலே வெடிக்கும். அதை எந்தச் சுத்தியலிலும் வைக்கவே கூடாது.

ரயிலிலும் இதே பாடம். சக்கரத்தின் துளை அச்சைவிடச் சிறிது குறுகலாக இருக்கும்; பல டன் அழுத்தத்தில் ஏற்றுகிறோம். கழற்றும்போது முரட்டுத்தனமாகத் தள்ளினால் அச்சில் கீறல் விழும். ஓடும்போது அந்தக் கீறலிலிருந்து விரிசல் வளர்ந்து ஒருநாள் அச்சே முறியலாம். வண்டியில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதனால் பல இடங்களில் சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையே உயர் அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தி, சக்கரத்தை எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கவிட்டு வெளியே தள்ளுகிறார்கள். பியரிங்கும் அப்படியே. அச்சைக் கவ்வியிருப்பது உள்வளையம். எனவே புல்லரின் கொக்கியை உள்வளையத்தில்தான் மாட்ட வேண்டும். வெளிவளையத்தை இழுத்தால் விசை முழுவதும் குண்டுமணிகள் வழியே போய்ப் பாதையில் பள்ளம் விழும். புதிதாக வந்த பையன்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எது எதைப் பிடிச்சிருக்கு தம்பி?" என்பதுதான். பதில் தெரியாமல் ஸ்பானரைத் தொட விடமாட்டேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். நாட்டு வெடிகுண்டைப் பந்து என்று எண்ணி எடுத்த சிறுவர்கள் உயிரும் கைகளும் இழந்த செய்திகள் வங்காளத்தில் பலமுறை வந்திருக்கின்றன. உலோகத்தாலோ சணலாலோ ஆன புரியாத பொருள் எது கிடந்தாலும் தொடாமல் விலகி, பெரியவர்களிடம் சொல்லிப் போலீஸுக்குத் தெரிவிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மேலே சொன்னது அறிவதற்கான பாடம். செய்து பார்ப்பதற்கு அன்று.

செய்து பார்க்க வேறொன்று தருகிறேன். பேனா மூடிக்குள் காகிதத்தைச் சுருட்டி அடையுங்கள். வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மூடியைக் கையில் பிடித்து, கையை மேஜை விளிம்பில் தட்டுங்கள். பிறகு தலையணையில் தட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்:

1. காகிதம் எப்போது எளிதில் வருகிறது? ஏன்?
2. ஆடும் சுத்தியல் தலையை இறுக்க, காம்பின் அடியைத் தரையில் தட்டுகிறோம். தலை ஏன் கீழே இறங்குகிறது?
3. சுத்தியலின் வேகம் இருமடங்கானால் இழுப்பு எத்தனை மடங்காகும்?

விடையைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழ் எழுதத் தடுமாறினால் அம்மாவோ தாத்தாவோ உதவட்டும். கணக்கில் தடுமாறினால் சங்கத்துக்கு வாருங்கள், நான் இருக்கிறேன்.