வெயிலும் கஞ்சியும் மருந்தும்



வீட்டில் ஒருவருக்கு வியாதி வந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை பிறக்கிறது. "மாத்திரையை நிறுத்து, கம்பும் ராகியும் தின்றால் போதும்" என்பார் ஒருவர். "இளவெயிலில் உட்கார், எல்லாம் சரியாய்ப் போகும்" என்பார் இன்னொருவர். "களியும் கீரையும் என்னத்துக்கு? ஓர் ஊசி போட்டால் தீர்ந்தது" என்பார் மூன்றாமவர். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது? உயிர் சம்பந்தப்பட்ட காரியமாகையால் இது மனச்சாட்சிக்கும் உரிய கேள்வி. இந்த வாரம் இதைச் சற்று ஆராய்வோம்.

சரீரம் யாருடையது?

நம் சரீரம் சர்வேசுரன் நம்மிடம் ஒப்படைத்த பொருள். அப்போஸ்தலரான அர்ச். சின்னப்பர் அதை இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயமென்று போதிக்கிறார். கொலையை விலக்குகிற ஐந்தாம் கற்பனை, நம் உயிரையும் சுகத்தையும் தகுந்த விதமாய்க் காப்பாற்றும் கடமையையும் நம்மேல் சுமத்துகிறது. சீராக்கின் ஞானம் 38-ம் அதிகாரத்தைக் குடும்பமாய் வாசித்துப் பாருங்கள். நோயாளி ஜெபிக்கவும் வேண்டும், வைத்தியரை அழைக்கவும் வேண்டும் என்று அது கற்பிக்கிறது. பூமியில் விளையும் மருந்தும் வைத்தியரின் அறிவும் ஒரே சிருஷ்டிகரிடமிருந்து வந்தவை. ஆகையால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுவது தகாது.

ஒரு குருவானவரின் தண்ணீர் வைத்தியம்

இயற்கை வைத்தியத்தின் பெயர்பெற்ற முன்னோடிகளில் ஒருவர் கத்தோலிக்க குருவானவர். சங்கைக்குரிய செபாஸ்தியான் க்னைப் சுவாமியார் 1821-ல் ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு நெசவாளியின் மகனாய்ப் பிறந்தார். படிக்கும் காலத்தில் கடுமையான மார்பு வியாதி கண்டது. தண்ணீர் வைத்தியத்தைப் பற்றிய பழைய புத்தகமொன்றைப் படித்து, குளிர்ந்த தன்யூப் நதியில் சிறிது நேரம் முழுகி எழுந்து வந்தார். சுகமடைந்து 1852-ல் குருப்பட்டம் பெற்றார். 1886-ல் அவர் தமது முறையை விளக்கிப் புத்தகம் எழுதியபின், வோரிஸ்ஹோபன் என்ற அவரது சிற்றூருக்கு நோயாளிகள் திரள்திரளாய் வந்தார்கள். தண்ணீர், மூலிகை, எளிய உணவு, உடலுழைப்பு, ஒழுங்கான வாழ்வு ஆகிய ஐந்துமே அவர் போதனை.

அவர் சொன்ன எளிய வாழ்வு இன்றைக்கும் நல்லதே. ஆனால் அவர் ஆற்றில் முழுகிப் பிழைத்தார் என்பதற்காக, மார்பு நோய் கண்ட எல்லாரும் ஆற்றில் முழுகலாமா? ஒருவர் சுகமடைந்தது ஒரு சாட்சியம். அது பலருக்கும் ஒத்துவருமா என்பதைச் சோதித்தால்தான் அறியலாம். அப்படிப்பட்ட ஒரு பெரிய சோதனை நம் சென்னையிலேயே நடந்தது.

சென்னையில் கண்ட உண்மை

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படுமுன் நல்ல காற்று, வெயில், சத்துள்ள உணவு, ஓய்வு இவையே சிகிச்சை. டாக்டர் சவுரிமுத்து என்பவர் இம்முறைப்படி இங்கிலாந்தில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை இராமானுஜனும் அங்கே சில காலம் தங்கினார். பிறகு அந்த டாக்டர் 1928-ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது.

மருந்துகள் வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது. ஏழை நோயாளிக்குச் சானடோரியத்தில் படுக்கை கிடைக்காவிட்டால் அவன் கதி என்ன? இதற்கு விடை காண 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது. நோயாளிகள் இரு பிரிவாய்ப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் காற்றும் ஓய்வும் பெற்றார்கள். மற்றவர்கள் நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே, குறைந்த சாப்பாட்டோடு இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. 1959-ல் முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்திருந்தார்கள். அவர்கள் வீட்டாருக்கு நோய் தொற்றியதும் அதிகமாயில்லை. குணமாக்கியது ஒழுங்காய் உட்கொண்ட மருந்து என்று தெளிவாயிற்று.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா? அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. அதே சென்னை நிலையமும் பங்குகொண்ட ஆராய்ச்சியொன்று 2019 முதல் ஜார்க்கண்டில் நடந்தது. மருந்து உண்ணும் 2800 காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. அவர்கள் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் வீட்டார் எல்லாருக்கும் அரிசியும் பருப்பும் கூடுதலாய்க் கிடைத்தன. அப்படிப் பெற்ற குடும்பங்களில் புதிதாய் நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது என்று 2023-ல் வெளியிட்டார்கள். ஆரம்ப மாதங்களில் எடை கூடிய நோயாளிகளுள் சாவும் குறைவாயிருந்தது. ஆக, மருந்து கிருமியைக் கொல்லுகிறது, உணவு உடலைத் தாங்குகிறது. இரண்டும் கூட்டாளிகள்.

வெளிச்சம் மருந்தாகும் இடம்

வெளிச்சமும் சில வியாதிகளுக்கு மெய்யான மருந்தே. 1956-ல் இங்கிலாந்தில் ரோச்போர்டு ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ் அம்மாள் குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு குழந்தைக்கு வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் மங்கியிருக்க, துணி மூடிய இடத்தில் மட்டும் அது அப்படியே இருந்தது. அதிலிருந்து பிறந்ததே, இன்று ஆஸ்பத்திரிகளில் மஞ்சள் கண்ட சிசுக்களை நீல விளக்கின்கீழ் கிடத்தும் சிகிச்சை.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் முற்றத்து வெயிலே போதுமே" என்று இருந்துவிடலாகாது. வெயிலுக்கு அளவு கிடையாது. நம் பக்கத்துக் கோடையில் பச்சைக் குழந்தையின் தோல் வெந்துவிடும், உடல்நீரும் வற்றும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும், அது உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், குழந்தை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள் மிஞ்சினால் மூளையைக் கெடுத்துவிடும்.

பெரியவர்களுக்கோ வெயில் வேறு விதத்தில் உதவுகிறது. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி சத்தைத் தோல் வெயிலைக் கொண்டே உண்டாக்குகிறது. இளவெயில் இதமாயிருந்தாலும் இந்தச் சத்து அதில் மிகக் குறைவு. முற்பகல் பத்து மணிக்குமேல் ஏறும் வெயிலில், கைகால்களில் படும்படி, சூடு பொறுக்கும் மட்டும் சில நிமிஷம் நின்றால் நல்லது. பகலெல்லாம் தறிக்கூடத்தில் இருப்பவர்களும், இரவெல்லாம் லாரி ஓட்டிப் பகலில் உறங்குபவர்களும் இதைக் கவனிக்கட்டும்.

நாம் செய்யவேண்டியவை

1. ராகி, கம்பு, கீரை, கொள்ளு, நிலக்கடலை, நாமக்கல் முட்டை இவையெல்லாம் நம் சீமையில் எளிதாய்க் கிடைக்கும் நல்ல உணவு. நன்றியோடு உண்போம். ஆனால் ராகியிலும் மாவுச்சத்து உண்டு. அதை நம்பிச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையையோ இன்சுலினையோ நாமாக நிறுத்தலாகாது.

2. இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய் மருந்து இலவசம். உணவுக்காக அரசு தரும் உதவித்தொகையும் 2024 நவம்பரில் மாதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இருமல் நின்றதும் மருந்தை விட்டுவிட்டால் நோய் முன்னிலும் பலமாய்த் திரும்பும். வைத்தியர் சொன்ன நாள்வரை விடாமல் உட்கொள்ளுங்கள்.

3. ஒருசந்தியும் சுத்தபோசனமும் தவமுயற்சிகள், அவை வைத்தியமல்ல. நோயாளிகளைத் திருச்சபைத் தாய் ஒருசந்திக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. அவர்கள் வேறு நற்கிரியை செய்யலாம்.

4. பக்கத்து வீட்டு நோயாளிக்கு வைத்தியம் சொல்லுமுன், அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். ஒரு படி அரிசியும் கொஞ்சம் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பது பிறர்சிநேகம் மாத்திரமல்ல, அந்த வீட்டாரை நோயினின்று காக்கும் உதவியுமாகும்.

குடும்பத்தில் பேசிப் பார்க்க

நம் வீட்டில் யாராவது வைத்தியரிடம் சொல்லாமல் மருந்தை நிறுத்தியிருக்கிறோமா?

யார் சொன்ன வைத்தியத்தையாவது, சோதிக்கப்பட்டதா என்று கேளாமல் நம்பியதுண்டா?

நம் தெருவில் மருந்து இருந்தும் சாப்பாடில்லாத நோயாளி யார்? இந்த வாரம் அவருக்கு நாம் என்ன கொண்டுபோவோம்?